தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கீழே

ஷவல் சத்தமில்லாமல் உள்ளே போனது. அதுதான் நெவெனாவுக்கு முதலில் உறுத்தியது.

பன்னிரண்டு வருடமாக அவள் பனியில் குழி வெட்டுகிறாள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு குரல் உண்டென்று கண்ணைவிடக் கைக்குத்தான் நன்றாகத் தெரியும். நேற்றிரவு விழுந்த புதுப்பனி மாவு சலிப்பதுபோல் உஸ்ஸென்னும். அதன் அடியில் காற்று அடித்து இறுக்கிய பாளம் அட்டைப்பெட்டியை அறுப்பதுபோல் கறகறக்கும். அதற்கும் அடியில், ஜனவரிக் குளிரில் பிடிப்பற்றுப் பொடிந்துபோன சர்க்கரைப் பனி ஷவலின் தகட்டில் பட்டுச் சலசலவென்று கொட்டும். அந்தச் சலசலப்பைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தாள். சர்க்கரைப் பனிதான் ஆளை விழுங்குவது. மேலே இருக்கும் பாளம் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். யாராவது தப்பான இடத்தில் கால் வைத்தால் மொத்தச் சரிவும் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும்.

இப்போது கொட்டவில்லை. தொண்ணூறு சென்டிமீட்டரில் பாளம் முடிந்தது, ஷவல் பிடிவரை உள்ளே போனது, அங்கே எதுவும் இல்லை.

மணி ஒன்றேகால். நல்ல பகல்தான். ஆனால் மெச்சா பள்ளத்தின் மீது மேகம் இறங்கியிருந்தது. மேலே தெரிய வேண்டிய பாறைச்சுவரையும் கீழே தெரிய வேண்டிய பைன் காட்டையும் காணோம். வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவாக வந்ததால் எதற்கும் நிழல் இல்லை, அவள் கைக்குக்கூட. மேடு எது, பள்ளம் எது, பனி எங்கே முடிந்து மேகம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கால் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழியின் விளிம்பில், முதுகுப்பையின் மேல் உட்கார்ந்து ஸ்தாமென் உலர்ந்த லுகான்கா இறைச்சியைக் கத்தியால் மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தான். அவள் கணவன் மெதோடியின் தம்பி. ஊரில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவன். அவளைப்போல் மலை மீட்புக் குழுவில் இல்லை. மலைக்குத் தனியாகப் போகக் கூடாது என்பது விதி, கூட வரவேண்டியவருக்குக் காய்ச்சல், அதனால் இவன் வந்தான்.

"என்ன அண்ணி, புதையல் கிடைச்சுதா?"

"இங்க ஒண்ணுமில்ல."

"அப்ப நல்லதாப் போச்சு. ரெண்டுன்னு போட்டுட்டு இறங்குவோம். அண்ணன் பீன்ஸ் சூப் வச்சிருக்கும்."

ரெண்டு என்றால் பனிச்சரிவு ஆபத்து மிதம். மூன்று என்றால் பாதையை மூட வேண்டும், ஐந்துதான் உச்சம். நாலு மணிக்குள் அவள் சொல்லியாக வேண்டும். நாளை ஞாயிறு, வருடத்துக்கொருமுறை நடக்கும் ஏற்றம். நாற்பது பேர் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தைக் கடப்பார்கள். போன வாரம் மூன்று என்று போட்டாள். வெயில் அடித்தது, ஒரு பிடி பனிகூடச் சரியவில்லை. திங்கட்கிழமை ரொட்டிக்கடையில் நுழைந்தபோது, "பனி ஜோசியக்காரி வந்துட்டாங்க, கடைய மூடுங்கப்பா" என்று ஒருவன் சொல்ல, வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஸ்தாமெனும் சிரித்தான். அவளும் சிரிக்க வேண்டியதாயிற்று. அதனால் இந்த முறை அவளுக்குக் கையில் ஆதாரம் வேண்டும். உண்மையைச் சொன்னால், அடியில் சர்க்கரைப் பனி இருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஆசைப்பட்டே வந்திருந்தாள்.

"ஒண்ணுமில்லன்னா, ஒண்ணுமே இல்லப்பா. இங்க வந்து பாரு."

அவன் வாயில் மென்றபடியே குழிக்குள் இறங்கினான். குழியின் சுவரை அவள் ஒழுங்காகச் சீவி வைத்திருந்தாள். மேலே தொண்ணூறு சென்டிமீட்டர் வெள்ளை. கீழே எண்பது சென்டிமீட்டர் கெட்டிப்பனி. இரண்டுக்கும் நடுவில், சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு சாண் உயரத்துக்கு இருட்டாக ஒரு இடைவெளி.

"கீழ புதர் இருக்கும் அண்ணி. பனி புதர் மேல நின்னுருக்கும்."

"இங்க புதரே கிடையாது. வெறும் புல்லு. அதுவும் இதுக்குக் கீழ இன்னும் எண்பது சென்டி பனி இருக்கே."

போன சனிக்கிழமை இதே இடத்திலிருந்து பத்தடி தள்ளி வெட்டியபோது சர்க்கரைப் பனி இருந்தது. எழுதி வைத்திருக்கிறாள், பதினெட்டு சென்டிமீட்டர். அது நசுங்கி உட்கார்ந்திருந்தால் மேலே உள்ள பாளமும் கூடவே உட்கார்ந்திருக்கும், எங்காவது விரிசல் விட்டிருக்கும். பாளம் அசையவில்லை. நடுவில் இருந்தது மட்டும் போய்விட்டது, யாரோ வழித்தெடுத்ததுபோல.

அவள் கையுறையைக் கழற்றி இடைவெளிக்குள் விட்டாள். மேல்பக்கம் வழவழப்பாக, சன்னமான ஐஸ் பூசினதுபோல் இருந்தது. ஒரே இடத்தில் பலமுறை முதுகு உரசி உரசிப் பளபளப்பான சுவர் மாதிரி. உள்ளே காற்று வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் ஒன்பது.

பிறகுதான் வாடை வந்தது. ஈரக் கம்பளி, பழைய வியர்வை, வாய்மூச்சு. நிறையப் பேர் அடைத்துப் படுத்து எழுந்த மலைக்குடிலின் அறைக்கதவை விடியற்காலையில் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது.

ஸ்தாமென் மெல்லுவதை நிறுத்தினான். "நரி ஏதாவது உள்ள செத்துக் கிடக்கா?"

அது செத்த வாடை இல்லை.

அப்போது பள்ளத்தின் மறுகோடியில் பனி உட்கார்ந்தது.

அந்தச் சத்தத்தை மலைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். பெரிய மெத்தையில் கனத்த ஆள் ஒருவர் திடீரென்று உட்கார்ந்ததுபோல், காதுக்குக் கேட்பதற்கு முன் வயிற்றில் கேட்கும் ஒரு வூம். அடியில் பிடிப்பில்லாத அடுக்கு நசுங்கும்போது வருவது. ஆள் கால் வைத்தால்தான் வரும்.

"அந்தப் பக்கம் யாரு?" என்றான் ஸ்தாமென்.

"யாரும் இல்ல. நம்ம தடம் மட்டும்தான் இருந்துச்சு."

இருவரும் குழியிலிருந்து ஏறி நின்று காது கொடுத்தார்கள். மேகம் முகத்தில் ஈரமாக ஊர்ந்தது. நெவெனாவின் கைக்கடிகாரம் சட்டைக்கைக்குள் டிக்டிக்கென்றது. வூம். இந்த முறை சற்றுப் பக்கத்தில். பிறகு ஒரு நீண்ட இடைவெளி, அவள் மனதுக்குள் எண்ணினாள், பதினொன்று, பன்னிரண்டு. வூம். இன்னும் பக்கத்தில். அவர்கள் காலுக்கடியில் பாளம் அரிசி முனையளவு தாழ்ந்து எழுந்தது. எழுந்ததுதான் அவளுக்குப் புரியவில்லை. உட்கார்ந்த பனி எழுந்திருக்காது.

ஸ்தாமென் குரலைத் தாழ்த்திக்கொண்டான். சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "அண்ணி, நாலுன்னு போடுங்க. அஞ்சுன்னு வேணும்னாலும் போடுங்க. நான் சிரிச்சது தப்புதான். கிளம்புவோம்."

திரும்பிப் போக ஒரே வழி. அவர்கள் நின்ற மேட்டின் அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை. இந்தப் பக்கம் நூற்றிருபது மீட்டர் சரிவைக் குறுக்காகக் கடந்தால் பைன் காடு. காட்டுக்குள் நுழைந்துவிட்டால் பயமில்லை. காலையில் அப்படித்தான் வந்தார்கள், ஒருவர் கடக்க மற்றவர் காத்திருந்து. இரண்டு பேரின் எடை ஒரே சமயத்தில் பாளத்தின்மேல் விழக் கூடாது.

"நான் முதல்ல போறேன்" என்றாள்.

"நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் இங்க தனியா நிக்கச் சொல்றீங்களா, இந்தக் குழி பக்கத்துல?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நான் போறேன். போய்ச் சேர்ந்ததும் வாக்கி டாக்கில கூப்பிடுறேன்."

அவள் அவன் மார்பிலிருந்த, பனியில் புதைந்தால் இடம் காட்டும் சிக்னல் கருவியைத் தொட்டுப் பார்த்தாள். பச்சை விளக்கு மினுக்கியது. "நிக்காம போ. எது கேட்டாலும் நிக்காத."

அவன் போனான். சிவப்புச் சட்டை பத்து மீட்டரில் இளஞ்சிவப்பாயிற்று, இருபதில் சாம்பலாயிற்று, பிறகு இல்லை. சறுக்குப் பலகைகள் தடத்தில் இழுபடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, உர்ர் என்று ஒன்று, உர்ர் என்று மற்றொன்று, சீராக, தூரமாக. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழியைப் பார்க்கவில்லை. குழியிலிருந்து வந்த வெதுவெதுப்பு அவள் கணுக்காலுக்குத் தெரிந்தது.

உர்ர். உர்ர். உர்ர்.

நின்றது.

சரிவு ஓடும் இரைச்சல் இல்லை. அலறல் இல்லை. பனி உட்காரவுமில்லை. நடுவாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டதுபோல் சத்தம் நின்றது, அவ்வளவுதான்.

"ஸ்தாமென்." வாக்கி டாக்கியின் பொத்தானை விட்டாள். கரகரப்பு. "ஸ்தாமென், காட்டுக்கு வந்துட்டியா?"

கரகரப்பு.

மலையடிவாரத்தில், மீட்பு நிலையத்தில் யாவோர் இருந்தார். குழுவின் தலைவர், அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். அவரை அழைத்துச் சொன்னாள். சரிவு ஓடவில்லை, ஆனால் ஆள் பதில் சொல்லவில்லை என்றாள்.

"மேகத்துல வழி மாறியிருப்பான்மா" என்றார் யாவோர். "சரி, ஆறு பேரக் கிளப்புறேன். நாப்பது நிமிஷம் ஆகும். நீ கருவியத் தேடற பக்கம் மாத்திட்டுத் தடத்துலயே போ. அவசரப்படாத."

அவள் தன் மார்பிலிருந்த கருவியைத் தேடும் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு ஆள் உருவம், ஒரு அம்பு, ஒரு எண். அறுபத்தெட்டு மீட்டர்.

தடத்தில் போனாள். ஐம்பது. முப்பத்தொன்பது. பதினாறு. தடம் இரண்டு கோடாக அழகாக ஓடியது, விழுந்த அடையாளமில்லை, திரும்பிய அடையாளமில்லை, இரண்டு பக்கமும் ஊன்றுகோல் குத்திய சின்னச் சின்ன வட்டங்கள்.

பிறகு தடம் இல்லை.

இடது கோடும் வலது கோடும் ஒரே இடத்தில் முடிந்திருந்தன. அதற்கப்பால், காலையில் அவர்கள் வந்த தடம்கூட இல்லாமல், பனி நேற்றிரவு விழுந்தபடியே கிடந்தது. ஓட்டையில்லை. விரிசலில்லை. கையால் தடவிப் பார்த்தாள். துணி விரித்ததுபோல் மழமழவென்றிருந்தது.

கருவி இரண்டு புள்ளி ஒன்று என்றது. அம்பு போய்விட்டது. அப்படியென்றால் நேர் கீழே.

பயிற்சி அவளைப் பிடித்துக்கொண்டது. பலகைகளைக் கழற்றினாள், உடனே தொடைவரை புதைந்தாள். பையிலிருந்து துழாவுகம்பியை உருவி வீசினாள், துண்டுதுண்டாக இருந்த அலுமினியம் சடசடவென்று ஒன்றாகி நீண்ட கம்பியாயிற்று. செங்குத்தாகக் குத்தினாள். ஒன்றுமில்லை. ஒரு சாண் தள்ளி. ஒன்றுமில்லை. முதல் குத்தைச் சுற்றி நத்தை ஓடுபோல் வட்டம் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சாண், விடாமல், அவசரமில்லாமல். ஒன்பதாவது குத்தில் கம்பி நின்றது.

தரை கல்லென்று நிறுத்தும். மரம் டொக்கென்று நிறுத்தும். ஆள் உடம்பு வேறு மாதிரி, ரப்பரை அழுத்தினதுபோல் கொஞ்சம் உள்வாங்கித் திருப்பித் தள்ளும். இது திருப்பித் தள்ளியது.

பட்டுவிட்டால் கம்பியை உருவக் கூடாது. அப்படியே விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும். அவள் தோண்டினாள்.

"இதோ வந்துட்டேன்பா. வந்துட்டேன். மூச்ச விடு. வேகமா விடாத." அழுகிறாள் என்பது உப்பு உதட்டில் பட்டபோதுதான் தெரிந்தது. வெட்டி இழுத்தாள், வெட்டி இழுத்தாள், புதுப்பனி, பாளம், இன்னும் பாளம். கழுத்தில் வியர்வை ஓடியது, அரைமணி போனது தெரியவில்லை. கம்பி பக்கத்தில் நேராக நின்றது. ஒருமுறை லேசாக ஆடியது. அவள் சந்தோஷப்பட்டாள். உயிர் இருக்கிறது.

தொண்ணூறு சென்டிமீட்டரில் ஷவல் சத்தமில்லாமல் உள்ளே போனது.

அந்த வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. அந்த வாடை. குப்புறப் படுத்து ஓட்டைக்குள் தலையைக் கொண்டுபோனாள். இங்கே இடைவெளி ஒரு சாண் இல்லை. ஆள் தவழ்ந்து போகலாம்போல் இருந்தது. பனி வழியாக இறங்கிய நீலவெளிச்சத்தில் தரை தெரிந்தது, கம்பியின் நுனி தெரிந்தது. நுனி தரையைத் தொடவில்லை. எதையும் தொடவில்லை. வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

நுனிக்குக் கீழே, தரையில், ஆள் மண்டியிட்ட இரண்டு குழிகள்.

அவள் தலையை வெளியே எடுத்தாள். கருவியைப் பார்த்தாள்.

ஆறு மீட்டர்.

எடுத்துப் பனியின்மேல் வைத்தாள், தன் கை நடுக்கமாக இருக்கும் என்று. ஏழு. ஒன்பது. கருவி அசையவில்லை. அவள் அசையவில்லை. எண் மட்டும் பதினொன்றுவரை போய், அங்கே நின்று யோசித்தது.

பத்து.

வூம்.

எட்டு.

அவள் குழியிலிருந்து ஏறினாள். பலகைகள் ஐந்தடி தள்ளிக் கிடந்தன. ஒரு கால் எடுத்து வைத்தாள், இடுப்புவரை இறங்கியது. காலுக்கடியில் பாளம் தாழ்ந்து, எழுந்தது. அப்படியே நின்றாள்.

ஐந்து.

கீழே எங்கோ, மேகத்துக்குள், ஆட்களின் குரல். ஒருவன் எதற்கோ சிரித்தான். மீட்புக் குழுவின் ஆறு பேர். காட்டின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நிமிடத்தில் சரிவில் கால் வைப்பார்கள்.

திரையில் எண் தயங்கியது. ஐந்து. ஆறு. ஏழு. அம்பு அந்தக் குரல்களின் பக்கம் திரும்பியது.

நெவெனாவுக்கு அது புரிந்தது. சத்தத்தைத் தேடித்தான் வருகிறது. சும்மா இருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அது அவர்களிடம் போய்விடும்.

பொத்தானை அழுத்தினாள். குரலைத் தாழ்த்தவில்லை. பள்ளம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"யாவோர் அண்ணே. அவங்கள நிறுத்துங்க. பனில ஒரு அடி வைக்கக் கூடாது. காட்டவிட்டு வெளிய வரக் கூடாது."

"என்னம்மா சொல்ற? சரிவு ஓடுதா?"

"அஞ்சுன்னு எழுதுங்க. நாளைக்கு யாரும் வரக் கூடாது. நாளன்னைக்கும். பனி உருகற வரைக்கும் யாரும் வரக் கூடாது. எழுதிட்டீங்களா?"

"எழுதுறேன், எழுதுறேன். நீ நிதானமா பேசு." கீழே சிரிப்பு நின்றது. யாரோ யாரையோ அதட்டினார்கள். பலகைகளின் சத்தம் அடங்கியது. நின்றுவிட்டார்கள். "ஸ்தாமென் கிடைச்சானா?"

அவள் திரையைப் பார்த்தாள். மூன்று. இரண்டு. ஒன்று புள்ளி ஐந்து. பூஜ்யம் புள்ளி ஒன்பது.

"பக்கத்துலதான் இருக்கான்" என்றாள்.

பொத்தானை விட்டாள். மறுபடி அவர் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது அமைதியாக இருந்தால் ஒருவேளை.

அமைதி.

அவளுக்கு முன்னால், ஒரு கையெட்டும் தூரத்தில், பனியின் மேற்பரப்பு ஊசி குத்தினதுபோல் திறந்தது. மெல்லிசாக ஏதோ ஒன்று கீழிருந்து எழுந்தது. விரல் தடிமன்கூட இல்லை. வெளுப்பாக, நேராக. ஒரு கணம் நின்றது. கீழே போயிற்று. சின்ன ஓட்டை மட்டும் மீந்தது. அதிலிருந்து ஆவி வந்தது.

ஒரு சாண் தள்ளி இன்னொன்று. எழுந்தது. நின்றது. போயிற்று.

ஒரு சாண் தள்ளி.

வளைந்து வந்தது. நத்தை ஓடுபோல். விடாமல். அவசரமில்லாமல்.

அவள் கண்ணை மூடவில்லை. எண்ணினாள். ஆறு. ஏழு. இடது பக்கம். முதுகுப் பக்கம். எட்டு. வலது முழங்காலை உரசிக்கொண்டு.

பிறகு எதுவும் வெளியே வரவில்லை.

இடது பூட்ஸின் அடியில் ஒரு முனை பட்டது. லேசாக அழுத்தியது. கொஞ்சம் விட்டது. மறுபடி அழுத்தி, தான் தொட்டது கல்லா, மரமா, வேறேதாவதா என்று பார்த்தது.

முனை விலகவில்லை. அங்கேயே நின்றது.

காலுக்குக் கீழே, மிக ஆழத்தில், தோண்டத் தொடங்கினார்கள். வெட்டி இழுத்து, வெட்டி இழுத்து, ஒருவர் வெட்டியதைப் பின்னால் இருப்பவர் தள்ளி, அவருக்குப் பின்னால் இருப்பவர் தள்ளி, வரிசையாக, நிறையப் பேர், மேல்நோக்கி.